கள்ளுக்கடையின் பின்சுவர்

டேப்பின் பூஜ்ய முனை அப்பா கையில். உருளை என் கையில். 1983 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. பெரும்புதூர் கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த பழைய கள்ளுக்கடையை இருவரும் அளந்துகொண்டிருந்தோம். நான் அவர் மகள், செங்கல்பட்டில் ஓர் ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன், கட்டட வரைபடம் போடுகிற வேலை. டேப் ஆபீஸுடையது. முப்பது மீட்டர், துணி.

கூடம் ஆறு மீட்டர் பத்து, நாலு மீட்டர் இருபத்தைந்து. சுவரின் கனம் நாற்பத்தாறு சென்டிமீட்டர், செங்கலும் சுண்ணாம்பும். முன்னால் மூன்று வளைவுகள் வைத்த தாழ்வாரம். நடு வளைவுக்கு மேல் சுதையில் 1891 என்று எழுதியிருக்கும். கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன் மேல் சட்டங்கள், சட்டங்களின் மேல் செங்கலை நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. உள்ளே இடது சுவரை ஒட்டிச் செங்கல் மேடை. மேடையில் கள்ளுப் பானை அமர ஐந்து வட்டக் குழிகள். மேடைக்குக் கீழே தரையில் ஒரு சிறு வாய்க்கால். சிந்தியதும் கழுவியதும் அதன் வழியாகப் பின்சுவரைத் துளைத்துச் சந்துக்குப் போகும்.

பின்சுவரின் இடது மூலையில், மேடையில் நிற்பவன் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், ஒரு திறப்பு. அகலம் முப்பத்தெட்டு, உயரம் முப்பது. கதவு இல்லை, கம்பி இல்லை. அடியில் ஒரு கருங்கல் பலகை, சந்துப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டு.

"தரையிலேர்ந்து எம்பத்தஞ்சு" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

அதற்குள் அப்பா வெளியே போயிருந்தார். சந்தில் நின்று அந்தத் திறப்பு வழியாகக் கையை உள்ளே நீட்டி டேப்பின் முனையைப் பிடித்தார். கை மட்டும் தெரிந்தது.

"இங்க வந்து அள."

"வேணாம் நைனா. உள் தரையிலேர்ந்துதான் கணக்கு. அதான் ரூலு."

"வெளிய வேற அளவு வரும்மே."

"வரும். பிளின்த்தை, தெருவுலேர்ந்து தரை ஒசரத்தை, கூட்டிக்கினா போதும். முன்பக்கம் எடுத்தாச்சு, முப்பது."

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு டேப்பை விட்டுவிட்டது. நான் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எந்த வேலையும் செய்யவில்லை.

அந்தக் கட்டடத்தில் அப்பா காப்பாற்ற நினைத்தது அந்தத் திறப்பைத்தான். மற்றவர்கள் காப்பாற்ற நினைத்தது அதைத் தவிர மற்றதை. இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் உள்ளேயிருந்துதான் அளந்தேன்.

அப்பா பெயர் எல்லப்பன். மண்ணூர் காலனி. பிறந்த வருஷம் 1922 என்று ஆபீஸில் யாரோ போட்டது. முப்பத்துமூன்று வயதுவரை கூலி. நாற்று, அறுப்பு, ஏரி வேலை. சந்தை நாளில் பெரும்புதூரில் மூட்டை தூக்கிவிட்டு மாலையில் கள்ளுக்கடைக்குப் போவார்கள். முன்வாசல் ஊர்க்காரர்களுக்கு. அங்கே கண்ணாடித் தம்ளரும் உட்கார பெஞ்சும் இருந்தன. காலனிக்காரர்கள் சந்து வழியாகப் பின்னால் போக வேண்டும். கொட்டாங்கச்சி அவரவர் கொண்டுபோக வேண்டும். கல்லின் மேல் காசை வைத்துக் கையை எடுத்த பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு கை வந்து எடுக்கும். பிறகு கொட்டாங்கச்சியை வைக்க வேண்டும். அது உருளாமல் இருக்கக் கல்லின் வெளிப்பக்கத்தில் ஒரு குழி வெட்டியிருக்கும். உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். நிற்கிற இடத்தில்தான் உள்ளே கழுவிய தண்ணீர் வந்து விழும்.

இதை அவர் உட்கார்ந்து கதையாகச் சொன்னதில்லை. கேட்டால் சொல்வார், கேட்ட அளவுக்கு.

1948இல் மதுவிலக்கு வந்தது. கடையை மூடினார்கள். அவரும் நிறுத்தினார். ஏரிக்கரையில் காய்ச்சுகிற சரக்கு எப்போதும் கிடைத்தது. தொடவில்லை.

1955இல் மலேரியா ஒழிப்பில் மருந்து அடிக்க ஆள் எடுத்தார்கள். அப்பாவும் அதே காலனியைச் சேர்ந்த மாரியும் சேர்ந்தார்கள். ஸ்டிரப் பம்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாளியில் பம்ப் அடிக்க, இன்னொருவர் குழாயைப் பிடித்துச் சுவரில் டி.டி.டி. தெளிக்க. குழாய் அப்பா, பம்ப் மாரி. இருபத்தைந்து வருஷம், நடுவில் ஒன்று தவிர, அப்படித்தான். மண்ணூர், மணிமங்கலம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை. அடித்து முடித்ததும் வாசல் சுவரில் தேதியையும் அறைக் கணக்கையும் காவியால் எழுதிவிட்டு வர வேண்டும்.

மருந்து மூட்டை வைக்க இடம் தேடியபோது காலியாகக் கிடந்த கள்ளுக்கடை கிடைத்தது. வாடை தாங்காமல் மற்றவர்கள் ஒதுங்க, சாவி அப்பாவிடம் வந்தது. முதல் நாளைப் பற்றி மாரி மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"மச்சான் முன்கதவத் தொறந்தாரு. தொறந்துட்டு உள்ள வரல. நான் போயிட்டேன். பாத்தா ஆளக் காணோம். பின்னாலேர்ந்து ஓட்ட வழியா ஒரு கை மட்டும் நீட்டிக்கினு வருது. நான் மேடைமேல ஏறி நின்னுக்கினு, 'இன்னா வோணும் சாமி, ஒரு மொந்தையா?'ன்னேன். 'ரெண்டு மூட்ட டி.டி.டி. ஊத்துடா'ன்னாரு."

சொல்லிவிட்டு மாரி மாமா சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார், கொஞ்சமாக.

மலேரியா ஃபாரத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. அடித்த அறை, பூட்டிய அறை, மறுத்த அறை. பல வீடுகளில் இவர்கள் இருவரையும் வாசல் தாண்ட விடுவதில்லை. "வெளிச்சுவர்ல அடிச்சிட்டுப் போ, உள்ள எல்லாம் வேணாம்." அப்பா உள் அறைகளை எண்ணி, மறுத்த கட்டத்தில் எழுதி, அந்த வீட்டுச் சுவரிலேயே காவியால் எழுதிவிட்டும் வருவார். மேலே இருந்தவருக்கு மறுத்த கட்டம் காலியாக இருக்க வேண்டும். மேலிடத்தில் நூற்றுக்கு நூறு கேட்டார்கள்.

"எல்லாத்தையும் அடிச்சதா எழுதிடு எல்லப்பா. கொசு வந்து சாட்சி சொல்லவா போவுது?"

"அடிக்கல சார். எழுத மாட்டேன்."

அதற்காக ஒரு வருஷம் மாரியிடமிருந்து பிரித்து ஒரகடம் பக்கம் போட்டார்கள். மண்ணூரிலிருந்து சைக்கிள். ஃபாரத்தைத் திருத்தவில்லை.

1971இல் மதுக்கடைகளைத் திரும்பத் திறந்தார்கள். ஏலம் எடுத்தவர் பழைய கள்ளுக்கடையைப் பார்க்க வந்தார். வளைவுகளை இடித்து ஷட்டர் போடுவதாகத் திட்டம். அப்பாதான் கதவைத் திறந்து காட்டினார்.

"ஜோரா கீதே. பானை வெக்க மேடைகூட ரெடி" என்றார் ஏலக்காரர்.

"ரெடிதான். பதினஞ்சு வருசமா மருந்து வெச்சிக்கினு இருக்கோம். மேடை, சுவரு, தரை எல்லாம் ஊறிக் கீது. சுரண்டினா பவுடரா வருது பாரு. இங்க குடிச்சிட்டு எவனாவது வாயப் பொளந்தா உன்னியத்தான் புடிப்பாங்க."

ஏலக்காரர் விரலை மேடையில் தேய்த்து மோந்து பார்த்தார். வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தையும் பார்த்தார். பிறகு வேறு இடத்தில் கொட்டகை போட்டுக்கொண்டார். டி.டி.டி. ஊறியது உண்மை. அப்பா சொன்னதில் பொய் இல்லை, அழுத்தம்தான் அதிகம். கடைத்தெருவில் பல மாதம் கேலி. "எல்லப்பன் வுட மாட்டான்பா, உள்ள தனியா ஸ்டாக் வெச்சிக்கினு கீறான்." குடிக்காதவர் ஒருவர் குடிக்கிற இடத்தைக் காப்பாற்ற என்ன காரணம் இருக்க முடியும் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்தபோது, அந்தக் கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டது, இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

1980இல் ரிடையர். மருந்துக் கிடங்கு வேறு இடத்துக்குப் போனது. சாவியைத் திருப்பிக் கொடுத்தார். 1983இல் கட்டடத்தை இடித்து ஆறு கடைகள் கட்டப் போவதாகப் பேச்சு. கட்டடம் எந்த ஆபீஸின் கையில் இருந்தது என்று எழுதப் போவதில்லை. அங்கே கோப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இடிக்கக் கூடாது என்று முதலில் மனு போட்டவர் ரிடையர்டு ஹெட்மாஸ்டர் தணிகாசலம். நூலகமாக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இரண்டாவது கையெழுத்து அப்பா. மூன்றாவது கையெழுத்து கிடைக்க அவர்கள் மூன்று வாரம் அலைந்தார்கள். கடைசியில் எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பாவு என்பவர் போட்டார். "ஆறு கடை வந்தா அதுல ஒண்ணு சைக்கிள் கடையா இருக்கும்ல சார்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போட்டாராம்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். கட்டடத்தை உண்மையாகவே நேசித்தார். உத்தரங்களைத் தடவிப் பார்ப்பார்.

"பர்மா தேக்கு எல்லப்பா. செல் அரிக்கல பாத்தியா? அந்த வளைவு, அந்தச் சுதை. இதையெல்லாம் புள்ளைங்களுக்குக் காட்டணும்."

"ஓட்டையையும் காட்டலாம் சார்."

"அது எதுக்கு இப்போ? அசிங்கம் அது. நல்லதை மட்டும் வெச்சிப்போமே."

"நல்லதையும் அதையும் ஒரே கொத்தனாருதான் சார் கட்டினாரு."

ஹெட்மாஸ்டர் கோபப்படவில்லை. சங்கடப்பட்டார். பேச்சை உத்தரத்துக்குத் திருப்பினார்.

இடிப்பது நின்றது. பழுது பார்க்க மதிப்பீடு போட ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அளவு எடுத்த வரைபடம் வேண்டும், தெரிந்தவர் யாராவது வரைந்து கொடுத்தால் சீக்கிரம் ஆகும் என்றார்கள். "எம் பொண்ணு கீது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

வரைபடத்தில் திறப்புகளுக்கு ஓர் அட்டவணை உண்டு. கதவுக்கு டி, ஜன்னலுக்கு டபிள்யூ, வென்டிலேட்டருக்கு வி. எதையும் இந்த மூன்றில் ஒன்றாக்க வேண்டும். பின்சுவர்த் திறப்புக்குக் கதவு இல்லை, சட்டம் இல்லை, சிறியது. வி-4 என்று போட்டேன். யோசிக்க ஐந்து விநாடி ஆகியிருக்காது. கீழே கையெழுத்து, தேதி. குறுக்குவெட்டுப் படத்தில் பின்பக்கத் தரையை முன்பக்கத் தரையோடு ஒரே கோட்டில் போட்டேன். சந்து தாழ்வு என்று எனக்குத் தெரியும். எவ்வளவு தாழ்வு என்று அளக்கவில்லை.

மதிப்பீடு தயாரித்தவர் அட்டவணையைப் பார்த்துத் தன் வேலையைச் செய்தார். இனம் பதினொன்று: தரைக்கு அருகில் உள்ள வென்டிலேட்டர் வி-4ஐ, பாம்பு, எலி புகாதபடி செங்கல், சிமென்ட் கலவையால் அடைத்துப் பூசுதல். புத்தகம் வைக்கிற இடம். நான் மதிப்பீடு போட்டிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அடைத்தார்கள். அன்று அப்பா அங்கே இல்லை. மறுநாள் போனபோது கருங்கல் பலகை இடிபாட்டுக் குவியலில் கிடந்தது. காண்டிராக்டரின் ஆள் ஒருவர் துணி துவைக்க எடுத்துப்போகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் மாரி மாமாவும் அதைத் தூக்கித் தெருவின் அந்தப் பக்கம் அப்பாவு கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்பத்தைந்துக்கு முப்பது, கனம் ஏழரை. கணக்குப் போட்டால் இருபத்தேழு கிலோ வருகிறது. அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது.

பொங்கலுக்கு நான் வீட்டுக்குப் போனேன். அவர் சட்டையைக்கூட மாட்டாமல் வாசலில் நின்றிருந்தார்.

"நீதாமே போட்ட."

"அடைக்கச் சொல்லி நான் போடல நைனா."

"இன்னான்னு போட்ட?"

"வென்டிலேட்டர்னு."

"அப்பிடின்னா?"

"காத்து வர்றதுக்கு."

"காத்து" என்றார். "அது வழியா காத்து வந்தத நான் பாத்ததே இல்ல."

அம்மா உள்ளேயிருந்து, "நல்ல நாள்ல இன்னா ரெண்டு பேரும்" என்றாள்.

"அட்டவணைல அதுக்குத் தனியா பேரு கெடையாது. ரூல்படிதான் போட்டேன்."

"மறுத்த ரூமை அடிச்சதா எழுதுன்னு எங்கிட்ட மேல இருந்தவன் சொன்னான். நான் எழுதல. உனுக்கு யாரும் சொல்லக்கூட இல்லியேமே."

எனக்குக் கோபம் வந்தது. திருத்திய வரைபடம் என்றால் எல்லாக் கையெழுத்தும் மறுபடி, மாற்றக் குறிப்பு, மறு ஒப்புதல், மார்ச்சுக்குள் நடக்காது, ஒரு ஓட்டைக்காக நூலகமே நின்றுவிடும் என்று மளமளவென்று சொன்னேன். எல்லாம் சரியான தகவல்கள். அவர் கேட்டுக்கொண்டார். "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்று மாரி மாமாவிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு தடவை ஆபீஸ் போயிருக்கிறார். வேலையைக் கவனித்த ஓவர்சியர் ரகுபதி. முதல் இரண்டு தடவை அவர் சைட்டுக்குப் போயிருந்தார். மூன்றாம் தடவை இருந்தார்.

"பெரியவரே, நூலகத்துல கள்ளு ஊத்துற ஓட்டை எதுக்கு? புள்ளைங்க படிக்கிற எடம்."

"அதுங்க படிக்கட்டும்னுதான் சார்."

"மனுவா எழுதிக் குடு."

நாலாம் தடவை மனுவோடு போனார். எழுதியது அவரே. கட்டடம், அறை, திறப்பு, நிலை என்று மலேரியா ஃபாரம்போல கோடு போட்டு எழுதியிருந்தார். நிலை என்ற கட்டத்தில் "அடைத்தது" என்று எழுதியிருந்தார். ரகுபதி படித்துவிட்டு என் வரைபடத்தை விரித்துக் காட்டினாராம்.

"இதுல வென்டிலேட்டர்னு இருக்குதே. கையெழுத்து உன் பொண்ணுதானே? அது பொய் சொல்லுதா, நீ சொல்றியா?"

"சின்னப் பொண்ணு சார். தெரியாம போட்டுடுச்சி. திருத்திக் குடுத்துடும்."

எனக்கு முப்பத்தொரு வயது. பத்து வருஷ சர்வீஸ்.

ஐந்தாம் தடவை காத்திருந்துவிட்டு வந்தார். ஆறாம் தடவை ரகுபதியை டீக்கடையில் பிடித்துச் சந்துக்குக் கூட்டிப்போனார். அடைத்த இடத்துக்குக் கீழே நிற்க வைத்தார். வாய்க்கால் வந்து விழும் துளை மட்டும் இன்னும் திறந்திருந்தது, ரகுபதியின் செருப்புக்கு நேராக. என்ன பேசினார்கள் என்று மாரி மாமாவுக்குத் தெரியவில்லை, அவர் தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ரகுபதி, "திருத்தின டிராயிங் வரட்டும், தொறந்து வுட்டுடறேன். வெளியளவும் சேத்துப் போடச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

மார்ச் 9, வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு கார்டு வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

"லீலாவுக்கு. ஞாயிறு வா. டேப் எடுத்து வா. சாருக்குத் திருத்திய படம் வேண்டும். வெளியில் அளக்க வேண்டும். கல் பத்திரமாக இருக்கிறது. எல்லப்பன்."

நான் போகவில்லை. கணக்கு வருஷக் கடைசி, ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமையும் டிரேசிங் இருந்தது. அது உண்மை. கேட்டிருந்தால் அரைநாள் விட்டிருப்பார்கள் என்பதும் உண்மை. அடுத்த வாரம் வருவதாகக் கார்டு போட்டேன். அது போய்ச் சேர்ந்ததா தெரியாது. புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தை ஏப்ரலில் பார்த்தேன். முதல் பக்கத்தில் எல்லப்பன், தகப்பன் பெயர், அங்க அடையாளம் இரண்டு. உயரம் ஐந்து அடி இரண்டு அங்குலம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். பூஜ்ய முனையை மாரி மாமா பிடித்தார். அடைத்த பூச்சு புதிதாக இருந்ததால் ஓரம் நன்றாகத் தெரிந்தது. சந்துத் தரையிலிருந்து திறப்பின் அடிவிளிம்பு நூற்றைம்பத்து மூன்று சென்டிமீட்டர். நான் நினைத்திருந்தது நூற்றுப் பதினைந்து. பின்பக்கத் தரை முன்பக்கத்தைவிட முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தாழ்வு.

ஐந்தடி இரண்டு அங்குலம் என்பது நூற்றைம்பத்தேழரை. ஒரு மனிதனின் கண், உச்சியிலிருந்து பதினோரு சென்டிமீட்டர் கீழே. அப்படியானால் அவருடைய கண்மட்டம் நூற்று நாற்பத்தாறரை. அடிவிளிம்பு அதற்கு ஆறரை சென்டிமீட்டர் மேலே. அவரால் கையை உள்ளே நீட்ட முடியும். உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாது. யாரோ ஒருவர் 1891இல் இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார். ஒரு வரைபடத்தில் இது தெரிய வேண்டுமானால் வெளியிலிருந்து அளந்திருக்க வேண்டும்.

"எழுதிக்கினியாமே?" என்றார் மாரி மாமா. அவர் கை தரையில் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தது.

"எழுதிக்கினேன் மாமா. வுட்டுடு."

திருத்திய வரைபடத்தில் வி-4ஐ எடுத்துவிட்டேன். அட்டவணைக்குக் கீழே தனியாக ஒரு வரி சேர்த்தேன்: பின்சுவர்த் திறப்பு ஒன்று. காலனி மக்களுக்கு வெளியே நிறுத்திக் கள் ஊற்றுவதற்காகக் கட்டப்பட்டது. உள்ளிருந்து 85, வெளியிலிருந்து 153. குறுக்குவெட்டில் சந்தின் தரையைச் சரியான மட்டத்தில் போட்டேன். அந்தத் தரையில், அளவு புரிவதற்காக, ஐந்தடி இரண்டு அங்குல உயரத்தில் ஓர் ஆளை நிறுத்தி வரைந்தேன்.

ரகுபதி படத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்த வரி வேணுமாம்மா? வெறும் திறப்புன்னு போட்டா போதாதா?"

"வேணும் சார்."

"ஹெட்மாஸ்டர் சங்கடப்படுவாரு."

"படட்டும் சார்."

கோப்பு மேலே போனது. மே போனது, ஜூன் போனது. மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை மாற்றக் குறிப்பில் ஒரு நகல் குறைவு. இரண்டாம் தடவை அந்த வரியை நீக்க முடியுமா என்று கேட்டு. முடியாது என்று பதில் எழுதினேன். மூன்றாம் தடவை இனம் பதினொன்று ஏற்கெனவே முடிந்த வேலை, முடிந்த வேலையை எப்படி மாற்றுவது என்று. அப்பா இந்தப் படியெல்லாம் ஆறு தடவை ஏறினார் என்பது ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. போன வாரம் ஒப்புதல் வந்தது. திறந்துவிடலாம். ஆனால் கல் மதிப்பீட்டில் இல்லை, பழைய கல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்க அனுமதி இல்லை. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

நேற்று அப்பாவு கடைக்குப் போனேன். கல் உள்ளே சுவரோரம் இருந்தது. அதன் மேல் ஒரு சாக்கு. சாக்கை விலக்கினால், குழிக்குப் பக்கத்தில் காவியால் தேதி போட்டிருந்தது. 11-3-84. அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் போகாத ஞாயிற்றுக்கிழமை.

"அன்னிக்கி காலைலேர்ந்து இங்கதாம்மா குந்திக்கினு இருந்தாரு" என்றார் அப்பாவு. "ஒவ்வொரு பஸ்ஸா பாத்தாரு. 'பொண்ணு வரும், அளந்துட்டு ரெண்டு பேருமா தூக்கிக்கினு போயி அங்க வெச்சிட்றோம்'னாரு. சாயங்காலம் எழுந்து போறப்ப, 'அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன், யாரு கேட்டாலும் குடுத்துடாத'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் நான் யாரையும் தொட வுடல. ஒருதபா காண்டிராக்டர்கூட கேட்டாரு."

நானும் அப்பாவுவும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். எழும்பியது. திரும்பக் கீழே வைத்துவிட்டோம். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

கடையிலிருந்து சந்துவரை அடியெடுத்து எண்ணினேன். முப்பத்தொரு மீட்டர் இருக்கும். நடுவில் தெரு. கல்லைக் குழி வெளிப்பக்கம் வரும்படி பதிக்க வேண்டும், இதைக் கொத்தனாரிடம் நின்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார். அப்பா அடுத்த வாரம் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போன வேலை அது ஒன்றுதான்.